நாற்காலி வைத்தியம்

1955, செப்டம்பர் 26. திங்கட்கிழமை காலை. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததுமே சரிய ஆரம்பித்தது. டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் சுமார் ஆறரை சதவிகிதம் காலி. யுத்தமா? இல்லை. பெரிய பாங்க் ஏதாவது திவாலா? அதுவும் இல்லை.

ஒரே ஒரு மனிதருக்கு மாரடைப்பு. அவர் பெயர் ஐசனோவர். அமெரிக்க ஜனாதிபதி!

எதற்கு இத்தனை பீதி என்கிறீர்களா? அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர் பிழைத்தாலும் 'ஆள் இனி அவ்வளவுதான்' என்பதே ஊர் முடிவு. டாக்டர்களும் ஏறக்குறைய அதே கட்சிதான். இதயத்தில் காயம்பட்ட இடம் ஆறித் தழும்பாக ஆறு வாரம் ஆகும், அதுவரை அசையக்கூடாது என்றார்கள். சாப்பாடு ஊட்டிவிட ஒருவர், ஷேவிங் செய்துவிட ஒருவர். மற்றதெல்லாம் படுக்கையிலேயே.

விளைவு? அசையாத கால்களில் ரத்தம் உறைந்து கட்டியானது. அது நகர்ந்து போய் நுரையீரலை அடைத்தது. இதயம் மன்னித்து விட்ட பலரைப் படுக்கை மன்னிக்கவில்லை.

இது சரியில்லையே என்று யோசித்தவர் பாஸ்டன் நகரத்து டாக்டர் சாமுவேல் லெவின். அவர் கணக்கு எளிமையானது. படுத்தால் கால் ரத்தமெல்லாம் இதயத்துக்குத் திரும்பும், அதற்கு வேலை அதிகம். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாரம் குறையும். சரி, நோயாளியை நாற்காலியில் உட்கார வை!

அந்தப் பொறுப்பு இளம் டாக்டர் பெர்னார்ட் லோன் தலையில் விழுந்தது. சக டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். 'இது கொலை' என்கிற மாதிரி பேசினார்கள். ஹிட்லருக்கு அடிப்பார்களே, அந்த சல்யூட்டை அடித்துக் கேலி செய்தார்களாம். லோன், லிதுவேனியாவில் பிறந்த யூதர். எப்படி இருந்திருக்கும்?

ஆனால் நோயாளிகள் தேறினார்கள். முகத்தில் பயம் போனது. 1952-ல் 81 பேரின் விவரத்தோடு கட்டுரை வெளியானது.

மூன்றே வருஷத்தில் ஐசனோவர் விவகாரம். பார்க்க வந்த நிபுணர் பால் டட்லி ஒயிட்டும் பாஸ்டன்காரர். அதிகம் நடப்பவர், சைக்கிள் மிதிப்பவர். ஒரு மாதத்தில் ஜனாதிபதி ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தார். அடுத்த வருஷம் கோல்ஃப். அதே வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1969 வரை வாழ்ந்தார்.

சரி, படுக்கை அத்தனை மோசமா? 1966-ல் டல்லாஸில் ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உடலின் உழைக்கும் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் அதிகம்!

இன்னொன்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஆய்வு, 2004-ல் வெளியானது. நெஞ்சுவலி கட்டுக்குள் இருந்த 101 ஆண்கள். ஒரு பாதிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட். மறுபாதிக்கு தினம் 20 நிமிடம் சைக்கிள் பயிற்சி. ஒரு வருஷத்தில் பெரிய சிக்கல் இல்லாமல் இருந்தவர்கள்: ஸ்டென்ட் பக்கம் 70 சதவிகிதம், சைக்கிள் பக்கம் 88.

உடனே 'ஸ்டென்ட் வேண்டாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பு வரும் நேரத்தில் உயிரைக் காப்பது அதுதான். ஆனால் ஸ்டென்ட் சரிசெய்வது அடைத்த அந்த ஒரு இடத்தை. பயிற்சி எல்லா ரத்தக்குழாய்களுக்கும் நல்லது செய்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வரும் அப்பாவை, 'நீங்க பேசாம படுங்கப்பா, தண்ணி நான் கொண்டுவரேன்' என்கிறோம். பாசம்தான். ஆனால் அது 1950-க்கு முந்தைய வைத்தியம். டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்கிற அக்கறையோடு டாக்டரிடம் கேளுங்கள்: 'எப்போதிலிருந்து நடக்கலாம்? எவ்வளவு தூரம்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்தணும்?'

பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அப்பாவோடு நீங்களும் நடங்கள்.