தலைகீழாய்த் தொங்கும் மனிதன்: டாரோ சீட்டுகளும் பாரிஸ் நகரமும்

லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று தூர இடங்களிலிருந்து இணைந்திருக்கிறவர்களுக்கும், இங்கே லா சப்பலில் கடை பூட்டிவிட்டுக் கைத்தொலைபேசியில் பார்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

டாரோ சீட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. "நீங்கள் வேதக்காரர், இதைப் பற்றிக் கதைக்கலாமா?" என்பது ஒன்று. "அக்கா, எனக்கு ஒரு சீட்டு எடுத்துப் பலன் சொல்லுவீங்களா?" என்பது மற்றது. இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: மாட்டேன். நான் ஒரு தாதி, எனக்குப் பலன் சொல்லத் தெரியாது. குறி கேட்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. எனக்கும் அதில் வேறு கருத்தில்லை. ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு யார் எப்போது பொருள் சொன்னார்கள் என்பது வரலாறு. அதில் பெரும்பகுதி நாங்கள் வாழும் இந்த நகரத்தில் நடந்தது.

முதலில் சீட்டுக் கட்டைப் பார்ப்போம். மொத்தம் 78 சீட்டுகள். நான்கு இனங்கள், இனத்துக்கு 14 என்று 56. மீதி 22 படச் சீட்டுகள். யாழ்ப்பாணத்தில் முந்நூற்றிநாலு விளையாடியவர்களுக்குத் துருப்பு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. டாரோவில் துருப்பைக் கேட்டு வைப்பதில்லை. 21 படச் சீட்டுகள் எப்போதும் துருப்புத்தான். மிஞ்சுகிற ஒன்று கோமாளி. ஆம், இது ஒரு சீட்டு விளையாட்டு. பிரான்சில் இன்றும் விளையாடுகிறார்கள். 1973இல் இதற்கென்று ஒரு தேசிய சம்மேளனமே தொடங்கினார்கள். இரவு வேலையின் இடைவேளையில் என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுத் தாதிமார் இதை ஆடுவார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது அமானுஷ்யமாகத் தெரிவதில்லை.

விளையாட்டு பிறந்தது வட இத்தாலியில். 1440இல் புளோரன்ஸில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பில் இந்தச் சீட்டுகள் பேசப்படுகின்றன. பிரபுக்களின் வீடுகளுக்குத் தங்கத் தகடு ஒட்டி வரைந்து கொடுத்தார்கள். அன்றைய இத்தாலியர் எந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தார்களோ அவைதான் சீட்டிலும் வந்தன. கோவில் சுவரில் இருந்த படங்கள் அவை. எக்காளம் ஊதும் வானதூதர், கல்லறை திறந்து எழும்புகிற மனிதர் – இது "தீர்ப்பு" என்ற சீட்டு. நோத்ர தாம் பேராலயத்தின் நடுவாசலில் இதே காட்சி கல்லில் இருக்கிறது. பிறகு வந்த மார்செய் வகைச் சீட்டில் "உலகம்" என்ற படத்தின் நான்கு மூலைகளிலும் வானதூதர், சிங்கம், காளை, கழுகு இருக்கும். ஞானோபதேசம் படித்த பிள்ளை உடனே சொல்லிவிடும்: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். ஷார்த்ர் பேராலய வாசலில் ஆண்டவரைச் சுற்றி இருப்பதும் இந்த நான்குதான். டாரோ என்றாலே பேயின் புத்தகம் என்று நினைக்கிற எங்கள் சனம், அந்தப் பேய்ப் படமும் தீர்வைநாள் ஓவியங்களிலிருந்து வந்தது என்பதை அறிந்தால் கொஞ்சம் யோசிக்கும்.

இந்த 22 படங்களில் ஒன்றை மட்டும் இன்று விரிவாகப் பார்க்கலாம். பன்னிரண்டாம் சீட்டு. ஒரு மனிதன் ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான்.

பழைய இத்தாலியில் இந்தச் சீட்டின் பெயர் "துரோகி". அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காட்டிக்கொடுத்தவர், கடனை ஏமாற்றி ஓடியவர் கையில் அகப்படாவிட்டால், அவரைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் வரைந்து ஊர் பார்க்கும் சுவரில் வைப்பார்கள். ஆளைத் தண்டிக்க முடியாதபோது பெயரைத் தண்டிப்பது. 1412இல் முத்சியோ அத்தெண்டோலோ ஸ்ஃபோர்ட்சா என்ற படைத்தலைவரை ரோம் நகரின் வாசல்களிலும் பாலங்களிலும் இப்படி வரைய வைத்தவர், அன்று பாப்பரசர் பதவிக்கு உரிமை கோரியிருந்த 23ஆம் யோவான். அந்தப் படைத்தலைவரின் மகன் பிரான்செஸ்கோ 1450இல் மிலான் நகரின் கோமகன் ஆனார். அவருடைய குடும்பத்துக்காக வரைந்த சீட்டுக் கட்டிலும் தலைகீழ் மனிதன் இருக்கிறான். அந்த வீட்டில் சீட்டு ஆடியவர்களுக்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்!

பாரிஸில் தேசிய நூலகத்திடம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகள் பதினேழு இருக்கின்றன. பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்ள்ஸுக்காகச் செய்தவை என்று நெடுங்காலம் தவறாக நம்பியதால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அதில் தொங்குபவனின் இரு கைகளிலும் பணப்பைகள். முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாசை நினைக்காமல் அதைப் பார்க்க என்னால் முடியாது.

இப்போது பாரிஸுக்கு வருவோம். 1781. கூர் து ஜெபலான் என்ற அறிஞர், புரட்டஸ்தாந்து போதகராகப் பயிற்சி பெற்றவர். ஒரு சீமாட்டி வீட்டில் டாரோ ஆடுவதைப் பார்க்கிறார். அப்போது பாரிஸில் இந்த ஆட்டம் அவ்வளவு பழக்கமில்லை. பார்த்த கால் மணி நேரத்தில், இது பழைய எகிப்தியரின் ஞான நூல், சீட்டு வேடத்தில் தப்பி வந்திருக்கிறது என்று விளக்கிவிட்டதாக அவரே எழுதுகிறார். அவருடைய "ஆதி உலகம்" என்ற பெருநூலின் எட்டாம் தொகுதியில் அது வந்தது. அப்போது உலகத்தில் ஒருவராலும் எகிப்திய எழுத்தை வாசிக்க முடியாது. ஷம்போலியோன் அதை வாசித்துக் காட்டியது 41 ஆண்டுகள் கழித்து, 1822இல். வாசித்த பிறகு அதில் டாரோ இருக்கவில்லை.

தொங்கும் மனிதனை இவர் என்ன செய்தார்? திருச்சபை சொல்லும் தலைமைப் புண்ணியங்கள் நான்கு: விவேகம், நீதி, திடம், அளவுடைமை. சீட்டில் மூன்றுதான் உண்டு, விவேகம் இல்லை. ஆகவே ஒரு காலைத் தூக்கி, அடுத்த அடியை எங்கே வைப்பதென்று யோசித்து நிற்கும் விவேகிதான் இவன், அச்சடித்தவன் படத்தைத் தலைகீழாக்கிவிட்டான் என்றார். துரோகி விவேகி ஆனான்.

அடுத்து வந்தவர் ஒரு பாரிஸ் வியாபாரி, ழான் பத்தீஸ்த் அலியெத். தன் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி "எத்தெய்யா" என்று வைத்துக்கொண்டார். சாதாரணச் சீட்டில் பலன் பார்ப்பது பற்றி 1770இலேயே புத்தகம் எழுதியவர். சீட்டு நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் வேறு பலன் என்பதை அதிலேயே சொன்னார். 1789இல், புரட்சி வெடித்த அதே ஆண்டு, பலன் பார்ப்பதற்கென்றே தனி டாரோக் கட்டு வெளியிட்டார். பிறகு எலிஃபாஸ் லெவி. உண்மைப் பெயர் அல்ஃபோன்ஸ் லூயி கொன்ஸ்தான், பாரிஸில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகன். குருமடத்தில் படித்து, குருப்பட்டம் பெறுமுன் வெளியேறியவர். 1850களில் 22 படங்களையும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு பொருத்தினார்.

கடைசி மாற்றம் 1909இல், லண்டனில். ஆதர் எட்வர்ட் வெயிட் கேட்க, பமெலா கோல்மன் சிமித் என்ற ஓவியர் 78 படங்களையும் புதிதாக வரைந்தார். இன்று கைத்தொலைபேசியில் நாங்கள் காணும் டாரோ பெரும்பாலும் அவருடைய கைவேலைதான். ஆனால் சந்தையில் அது நெடுங்காலம் பதிப்பாளர் ரைடர் பெயரிலும் வெயிட் பெயரிலுமே விற்கப்பட்டது. சிமித் 1911இல் கத்தோலிக்கரானார், 1951இல் வறுமையில் இறந்தார். அவர் வரைந்த தொங்கும் மனிதனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது, புனிதர்களுக்குப் போடுவதுபோல.

ஒரே உடல், ஒரே கயிறு. 1440களில் துரோகி, 1781இல் விவேகி, 1909இல் ஞானி. படத்தில் இருப்பவன் எதுவும் செய்யவில்லை. கீழே பெயர் எழுதியவர்கள் மாறினார்கள்.

இது எங்களுக்குப் புதிதா? 80களில் எங்கள் ஊர்களில் மின்கம்பங்களில் ஆட்கள் கட்டப்பட்டார்கள். கழுத்தில் ஒரு மட்டைத்துண்டு, அதில் "துரோகி" என்று எழுதியிருக்கும். விசாரணையும் தீர்ப்பும் அந்த மட்டையோடு சரி. அப்படிச் செத்தவர்களின் பிள்ளைகள் இந்த லா சப்பல் தெருக்களிலும் இருக்கிறார்கள். தகப்பனின் பெயரைச் சொல்லுமுன் எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நான் இங்கே யாரையும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல வரவில்லை. மட்டையை எழுதிய கை யாருடையது என்று கேட்கும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

லா சப்பல் வீதியில் உள்ள சன் தெனி ஆலயத்தை எங்களில் பலர் கடந்து போயிருப்போம். 1429 செப்டெம்பரில், பாரிஸைத் தாக்குவதற்கு முன் ஜோன் ஒவ் ஆர்க் அங்கே செபித்தார். 1431இல் அவரைப் பதிதர் என்று எரித்தார்கள். 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். 1920இல் புனிதர் ஆக்கினார்கள். தீர்ப்பு எழுதிய ஆவணங்கள் பத்திரமாக இருந்ததால்தான் அதை மறுபடி விசாரிக்க முடிந்தது. எங்கள் மட்டைகளை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

இந்த நாட்டில் குறி சொல்வதைத் தொழிலாகச் செய்வது 1994 வரை சட்டப்படி குற்றம். புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஆகவே சாத்திரம் கேட்க இன்று கூச்சம் வேண்டியதில்லை. அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கிறவர் கேட்கிறார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் தாய் கேட்கிறார். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. பதில் சொல்லவேண்டிய அரசு வாய் திறக்காதபோது, சீட்டு வைத்திருப்பவர் பேசுகிறார். "உயிரோடு இருக்கிறார்" என்ற ஒரு சொல்லுக்காக அந்தத் தாய் காசு கொடுக்கிறார். வாங்குகிறவரைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

என்னிடம் வந்த ஒரு அம்மா மார்புக் கட்டிக்கான பரிசோதனையை ஆறு கிழமை தள்ளிப்போட்டிருந்தார். பதின்மூன்றாம் சீட்டு விழுந்ததாம், அந்த மாதம் உடம்பில் கத்தி படக்கூடாதாம். அந்தச் சீட்டில் அரிவாள் பிடித்த எலும்புக்கூடு இருக்கும். மார்செய் வகைக் கட்டுகள் பெரும்பாலானவற்றில் அதற்குப் பெயரே அச்சிடப்படவில்லை, எண் மட்டும்தான். இன்று பலன் சொல்கிறவர்கள் அதை "மாற்றம்" என்பார்கள், அல்லது பயம் காட்டுவார்கள், எது எடுபடுமோ அது. கொள்ளைநோய் கண்ட அந்த இத்தாலியருக்கு அது சாவுதான். இரவு வேலை செய்கிற எனக்கும் சாவு என்றால் சாவுதான். அதைத் தள்ளிப்போட எனக்குத் தெரிந்த வழி, நேரத்துக்குப் பரிசோதனைக்குப் போவது.

சீட்டுகளைப் பாருங்கள், நல்ல ஓவியங்கள். விளையாடத் தெரிந்தால் விளையாடுங்கள். யாராவது ஒரு படத்தைக் காட்டி, அல்லது ஒரு மனிதரைக் காட்டி, இதன் பொருள் இதுதான் என்று சொன்னால், அந்தப் பொருளை முதலில் எழுதியது யார், எந்த ஆண்டு, யாருக்காக என்று ஒருமுறை கேளுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.