இரங்கூனும் போர்ட் பிளேரும்: தமிழன் குடியிருக்க எந்த ஊர்?

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டு அபர்டீன் பஜாரில் உள்ள என் பாத்திரக் கடைக்கே வந்துவிட்டார்கள். "நயினாரே, இந்தத் தடவை ராஜேந்திர சோழன் வேண்டாம், வேற ஏதாச்சும் எழுதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1025இல் சோழர் படை கடல் கடந்ததும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' என்று குறிக்கப்பட்டிருப்பதும் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி இந்தப் பஜாரில் ஒரு ரேஷன் கார்டு வாங்க முடியாதுங்க! ஆகவே நம் அப்பன், பாட்டன் காலத்து விஷயம் ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது என் மகன். "அப்பா, கடையை யாருக்காவது கொடுத்துட்டுச் சென்னைக்கே போயிடலாமா? அங்க நாலு காசு கூடக் கிடைக்கும்" என்று கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதே வாரத்தில் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் பேசினான். அவனோடு வேலை செய்யும் கறுப்பினத்தவர் ஒருவர், குடும்பத்தோடு நிலையாகத் தங்க அட்லாண்டா நல்லதா, ஹூஸ்டன் நல்லதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர்கள் கதை நாம் அறிய வேண்டியது. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களின் கொடுமை தாங்காமல் வடக்கே போனார்கள். 1970களுக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அதே தெற்குக்குத் திரும்பி வருகிறார்கள். வீட்டு விலை, பள்ளிக்கூடம், வேலை இவற்றோடு இன்னொன்றையும் அவர்கள் பார்க்கிறார்கள்: அந்த ஊர் நிர்வாகத்தில் நம்மவருக்கு இடம் உண்டா? அட்லாண்டா 1973லேயே கறுப்பினத்தவர் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஹூஸ்டனில் அது 1997இல்தான் நடந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு என் பெரியப்பா நினைவு வந்தது. நம்மவருக்கும் இப்படி ஒரு கேள்வி இருந்தது. வங்காள விரிகுடாவைக் கடந்த தமிழனுக்கு இரங்கூன் ஒரு கரை, போர்ட் பிளேர் இன்னொரு கரை. என் குடும்பத்தில் பெரியப்பா முதல் கரைக்குப் போனார். அப்பா 1961இல் இரண்டாவது கரைக்கு வந்தார். இரண்டு ஊரையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். (2024இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கட்டுரை பழைய காலம் பற்றியது என்பதால் பழைய பெயரையே எழுதுகிறேன்.)

இரங்கூன்: வரவு

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு இரங்கூன் பெரும் துறைமுகமாக வளர்ந்தது. நெல் வயல், அரிசி ஆலை, கப்பல் துறை எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் வங்காளியரும் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் இரங்கூன் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் இந்தியர் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம், அதாவது நூற்றுக்கு 53 பேர். பர்மாவின் தலைநகரில் பர்மியரே சிறுபான்மை! மொகல் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. தமிழில் பேசி, தமிழில் கணக்கு எழுதி, தமிழ்ச் சமையல் சாப்பிட்டு ஒருவன் காலம் தள்ளலாம்.

பெரியப்பா அங்கே ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகச் சிறு கடை வைத்தார். "டேய், தெருவுல பாதிப்பேர் நம்மாளுதான். அதனால ஊரே நம்மளுதுன்னு நெனச்சுட்டோம்" என்பார். அவர் பேசியதில் எனக்கு மிகவும் பாடமாக அமைந்த வாக்கியம் இதுதான்.

இரங்கூன்: செலவு

அந்த எண்ணிக்கையே பகையாக மாறியது. 1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பர்மியத் தொழிலாளரை எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஏழைக் கூட்டத்தை மோதவிட்ட அந்தக் கணக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் போயிற்று; செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். 1938இல் மறுபடியும் கலவரம்.

பர்மியர் பக்கத்து நியாயத்தையும் எழுதாவிட்டால் இது வரலாறு ஆகாது. எங்கள் சமணத்தில் அநேகாந்தம் என்பார்கள். ஒரு பொருளைப் பல கோணத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அதன் சாரம். 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை; அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது 25 பங்கு. நகரத்தார் நிலத்துக்கு ஆசைப்பட்டு அதை வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் தன் வயலை இழந்தவனுக்கு அந்த விளக்கம் எப்படிப் புரியும்? 'காலா' என்று அவன் நம்மைச் சொன்ன சொல்லில் இந்தக் கோபமும் சேர்ந்திருந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர் கப்பலிலும் காட்டு வழி நடையாகவும் வெளியேறினார்கள். வழியில் பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். போருக்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். பெரியப்பாவும் போனார்.

1948இல் பர்மா விடுதலை பெற்றபோது, பல்லாண்டு அங்கே வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. பலர் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பித்தவர்களிலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பெரியப்பா விண்ணப்பிக்காத கூட்டம். "நாளைக்கு ஊருக்குப் போறவனுக்கு அது எதுக்கு?" என்று இருந்துவிட்டார். அந்த 'நாளைக்கு' பதினாறு வருஷம் நீண்டது! அயல்நாட்டார் பதிவுப் புத்தகம் ஒன்றை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு, பர்மிய மொழி சரளமாகப் பேசிக்கொண்டு, அயலானாகவே இருந்தார்.

1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போயிற்று, கைப்பணமும் போயிற்று. சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வந்த கப்பல்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக வந்து இறங்கினார்கள். கையில் கொண்டுவர அனுமதித்தது மிகக் கொஞ்சம். அவர்களில் சிலர் வைத்த கடைகள்தான் 1969இல் சென்னையில் பர்மா பஜார் ஆனது. வேறு சிலர் தரை வழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று, மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்டார்கள். பர்மாவில் தங்கிவிட்ட தமிழரும் உண்டு. யாங்கோனிலும் மோன் மாநிலத்திலும் அவர்கள் இன்றும் கோயில் கட்டி வாழ்கிறார்கள். ஆனால் 1982ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மூன்று படியாக்கிவிட்டது. 1823க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனம் என்று காட்ட முடியாதவனுக்கு மேல் படி எளிதல்ல.

போர்ட் பிளேர்: வரவு

பெரியப்பா 1968இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் அப்போது சின்னப் பையன். மணிக்கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஊரா?" என்றார். இரங்கூனைப் பார்த்த கண்ணுக்கு இது ஊராகத் தெரியாதுதான். கப்பல் வந்தால் காய்கறி. வராவிட்டால் பருப்பும் கருவாடும். எங்கள் வீட்டில் கருவாடும் கிடையாது, வெறும் பருப்புதான்!

இந்த ஊர் பிறந்தது சிறையாக. 1858 மார்ச் 10ஆம் தேதி 200 கைதிகளோடு குடியேற்றம் தொடங்கியது. 1906இல் செல்லுலார் சிறை கட்டி முடிந்தபோது அதில் 698 அறைகள். கைதிகளும் காவலர்களும் சென்னை, வங்காளம், பஞ்சாப், பர்மா என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். 1921 கிளர்ச்சிக்குப் பின் மாப்பிள்ளைமார் வந்தார்கள். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தார்கள். சாதியும் மொழியும் கலந்து, இந்துஸ்தானி பொதுமொழியானது. 1942 மார்ச் 23இல் ஜப்பானியர் வந்தபோது இரங்கூனைப் போல இங்கேயும் கொடுமை நடந்தது. 1944 ஜனவரி 30இல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு. துன்பம் வந்தபோது ஊரார் ஒருவரை ஒருவர் 'நீ அயலான்' என்று தள்ளவில்லை. '42க்கு முந்தினவர்' என்பது இன்றும் இங்கே ஒரு மரியாதையான அடையாளம்.

விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளை அரசு குடியமர்த்தியது. தமிழர் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வியாபாரத்துக்கும் தாமாக வந்தவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். (2004 சுனாமி அவர்களை எப்படிச் சூறையாடியது என்பதை நம் மலர் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.) 2011 கணக்கில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 58 ஆயிரம், நூற்றுக்கு 15 பேர். இரங்கூன் இந்தியரின் 53க்கு முன் இது கால் பங்குக்குச் சற்று மேல். ஆனாலும் தமிழ்வழி அரசுப் பள்ளி இருக்கிறது, வானொலியில் தமிழ் ஒலிக்கிறது, வெற்றிமலை முருகனுக்குப் பங்குனி உத்திரம் நடக்கிறது. அண்டை வீட்டு வங்காளியும் காவடி பார்க்க வருகிறார்.

எண்ணிக்கை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஜெயின் என்றாலே இங்கே எல்லோரும் 'சேட்ஜி' என்பார்கள். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை என்று ஐம்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்! சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருந்து பார்த்தவன் சொல்கிறேன்: கொஞ்சப்பேராக இருப்பது குறையில்லை. சூரியன் சாய்வதற்குள் நான் சாப்பிட வேண்டும் என்று தெரிந்து, பக்கத்துக் கடைக்காரர் என் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாரே, அதுதான் ஊர்.

போர்ட் பிளேர்: செலவு

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகும். இதர பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் இங்கே 42க்கு முந்தின குடும்பங்கள், கிழக்கு வங்கக் குடியேறிகள், கரேன், மாப்பிள்ளை, பாந்து ஆகியோர் உண்டு. பின்னால் வந்த தமிழ்க் கூலிக்குடும்பம் அதில் இல்லை. அரசு கொண்டுவந்து நிலம் கொடுத்தவருக்குப் பட்டா இருந்தது. தானாக வந்தவன் குடிசை போட்ட இடம் ஆக்கிரமிப்பு ஆனது. தீவுவாசி அட்டைக்கு அலையும் நம்மவரை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். மேல் சிகிச்சைக்குச் சென்னை, மேற்படிப்புக்கும் சென்னை.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அதைக் கட்டியவர்கள் நாம் அல்ல. 1859 மே மாதம் இந்த அபர்டீனில் அந்தமானியப் பழங்குடியினர் வில்லும் அம்புமாக ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றார்கள். அப்போது ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்கள் நோயாலும் காடு இழந்தும் தேய்ந்து, இன்று சில பத்துப் பேராக இருக்கிறார்கள். பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் 1956இல்தான் வந்தது. இந்தப் பஜாரில் நாம் எல்லோரும் சமமாக வாழ முடிகிறதென்றால், 'இது என் மண், நீ போ' என்று சொல்லும் உரிமை இருந்தவர்களின் வாய் முன்பே அடைக்கப்பட்டுவிட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தப் பற்றை நம் பேரேட்டில் மறைக்கக் கூடாது.

ஐந்தொகை

இரங்கூனில் வருமானம் அதிகம், ஆள் பலம் அதிகம், தமிழும் அதிகம். ஆனால் ஒரு நாள் காலையில் கடை பூட்டப்பட்டபோது, பூட்டைத் திற என்று கேட்கப் பெரியப்பாவிடம் அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அமெரிக்காவிலும் இதைப் பார்க்கலாம். 1921இல் டல்சா நகரில் செல்வத்தோடு வாழ்ந்த கறுப்பினத்தவரின் கிரீன்வுட் பகுதியை ஒரு நாளுக்குள் கொளுத்தினார்கள். செல்வமும் அவர்களைக் காக்கவில்லை. போர்ட் பிளேரில் வருமானம் மட்டு. ஆனால் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அநியாயம் நடந்தால் மனு எழுதலாம், நீதிமன்றம் போகலாம், தேர்தலில் பதில் சொல்லலாம். ஓர் ஊரில் நாம் எத்தனை பேர், எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதற்கு முன்னால், அந்த ஊர் ஏட்டில் நம் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, நம் வரவு அங்கே யாருடைய செலவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பார்க்காமல் இரங்கூனில் வாழ்ந்தோம்.

என் மகனுக்கு இதைத்தான் சொன்னேன். "படிப்புக்குப் பேரன் சென்னை போகட்டும். நீ போறதும் உன் இஷ்டம். ஆனா நாலு காசு கூடக் கிடைக்கும்ங்கறதுக்காக மட்டும் ஒரு ஊரை விடாதே, ஒரு ஊருக்குப் போகாதே" என்றேன். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரியப்பாவின் அந்தப் பதிவுப் புத்தகம் என் கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கே தங்கிய குடும்பங்களில் இப்படிப்பட்ட தாள்கள் இன்னும் சில இருக்கும். அவற்றின் கதை தெரிந்த பெரியவர்களும் சிலர் இருப்பார்கள். நம் சங்கம் அடுத்த மலருக்குள் அவர்களைத் தேடிப் போய் எழுதி வாங்க வேண்டும். கூடவே, அட்டையும் பட்டாவும் இல்லாமல் அலையும் நம்மவருக்கு மனு எழுதிக் கொடுக்க வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் நல்லது. அந்தி சாயும் முன் என்றால் நானும் வருகிறேன்.