சாந்தோமும் கோல்கொண்டாவும்

விடுமுறைக் காலத்தில் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் மயிலாப்பூருக்குப் போகாமல் திரும்புவது அரிது. கபாலீசுவரரைத் தரிசித்து, மாடவீதியில் வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு, மாலையில் கடற்கரைக் காற்றையும் நுகர்ந்துவிட்டு நாம் ஊர் திரும்புகிறோம். அந்த மயிலாப்பூரின் கீழ்க்கோடியில் முன்னொரு காலத்தில் போர்ச்சுக்கீசியரின் மதில் சூழ்ந்த பட்டினம் ஒன்று இருந்தது. அதன் மதில்களை இடித்தவர்கள் நாம் இன்று வாழும் இந்த ஹைதராபாத்தை உண்டாக்கிய குதுப்ஷாஹி அரசர்களே. அடுத்த முறை அங்கே செல்லும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி என்னுடன் நடந்து பாருங்கள். அதிக தூரமில்லை.

சாந்தோம் தேவாலயத்தின் வாயிலில் நம் நடையைத் தொடங்குவோம். விண்ணளாவிய கோபுரத்துடன் வெண்ணிறத்தில் நிற்கும் இக்கட்டடத்தைக் கண்டு, இதுவே போர்ச்சுக்கீசியர் எழுப்பியது என எண்ணிவிடலாகாது. அவர்கள் கட்டிய பழைய ஆலயம் 1893ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. நாம் காணும் ஆலயம் 1896இல் நிறைவேறியது. இயேசுநாதரின் சீடரான தோமையார் அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுவே என்பது கிறிஸ்தவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டுதான் போர்ச்சுக்கீசியர் இக்கரைக்கு வந்தார்கள். 1517இல் ஆர்மீனிய வணிகர்கள் அவர்களுக்கு இவ்விடத்தைக் காட்டினர். சில ஆண்டுகளுக்குள் கோயிலும் குடியிருப்பும் எழுந்தன. 'புனித தோமையார்' என்பதற்குரிய அவர்களது சொல்லே நம் நாவில் 'சாந்தோம்' ஆயிற்று. 1545இல் புனித சவேரியார் இங்கே வந்து தங்கினார். 1606இல் இவ்வூர் ஒரு மேற்றிராசனத்தின் தலைநகராயிற்று.

ஆலயத்தின் பின்புறம் சென்று கடலைப் பாருங்கள். இக்கரையில் இறங்கியவர்களுள் பக்தர் மட்டுமல்லர், வணிகரும் இருந்தனர். படைவேலையை விட்டு ஒதுங்கியவர்களும், தனி வியாபாரிகளும் இங்கேயே மணம் புரிந்து குடியேறினர். தமிழ்நாட்டு நெசவாளர் நெய்த துணிகளை மரக்கலங்களில் ஏற்றி மலாக்காவுக்கு அனுப்பிப் பொருள் ஈட்டினர். கோவாவில் இருந்த ஆளுநரின் அதிகாரம் இவ்வளவு தொலைவில் அவர்களை அதிகமாகக் கட்டுப்படுத்தவில்லை.

இனிக் கச்சேரி சாலை வழியே மேற்கு நோக்கி நடப்போம். சிறிது தூரத்தில் தெற்கே கபாலீசுவரர் கோயிலின் கோபுரம் தெரியும். பண்டைய கபாலீசுவரம் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது அழிவுற்றதென்றும், இன்றைய கோயில் பின்னர் உள்நாட்டில் எழுப்பப்பட்டதென்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. சாந்தோம் தேவாலயத்தின் சுற்றுப்புறத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறித்த பழங்கோயிற் கற்கள் கிடைத்துள்ளமை இக்கருத்துக்கு வலிவு தருகிறது. இதை மறைப்பதாலும் பயனில்லை. இதைச் சொல்லி இன்று பகை வளர்ப்பதாலும் பயனில்லை. ஒருவர் எழுப்பிய ஊரின் கற்களைக் கொண்டு மற்றொருவர் தம் ஊரை எழுப்பிக்கொள்வது வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. சாந்தோமுக்கும் அந்த முறை வந்தது.

1639இல் விஜயநகரப் பேரரசின் நாயக்கரிடம் இடம் பெற்று, அடுத்த ஆண்டில் ஆங்கிலேயர் சாந்தோமுக்கு வடக்கே ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். சிறிது காலத்துக்குள் கோல்கொண்டாவின் படை மீர் ஜும்லாவின் தலைமையில் கர்நாடகப் பகுதியினுள் புகுந்தது. 1662ஆம் ஆண்டில், அப்துல்லா குதுப்ஷா ஆட்சியில், சாந்தோம் கோல்கொண்டாவின் வசமாயிற்று. அங்கிருந்த போர்ச்சுக்கீசியக் குடும்பங்கள் பல, ஆங்கிலேயரின் சென்னைப்பட்டினத்தில் சென்று குடியேறின. வளர்ந்துவரும் ஊருக்கு வீழ்ந்த ஊர் குடிமக்களை அளித்தது.

1672இல் பிரெஞ்சுக் கடற்படை திடீரென வந்து சாந்தோமைக் கைப்பற்றியது. கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிட்டனர். இரண்டாண்டுகளுக்குப் பின், 1674இல், பிரெஞ்சுக்காரர் பணிந்தனர். அவர்களுக்குப் புகலிடமாக எஞ்சியது பிரான்சுவா மார்த்தேன் பொறுப்பேற்றிருந்த புதுச்சேரி. சாந்தோம் அவர்கள் கையில் நிலைத்திருந்தால் புதுச்சேரியின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். மீண்டும் எந்த ஐரோப்பியரும் உள்ளே புகுந்து அரண் கொள்ளலாகாது என்று கருதிய கோல்கொண்டா அரசு, சாந்தோமின் மதில்களை இடித்துத் தள்ளச் செய்தது. அதனால்தான் நாம் நடந்துவந்த வழியில் கோட்டைச் சுவர் எதுவும் கண்ணில் படவில்லை. 1749இல் ஆங்கிலேயர் இவ்வூரைத் தமதாக்கிக்கொண்டனர்.

கச்சேரி சாலை முடியும் இடம் லஸ் முனை. அருகிலுள்ள லஸ் கோயிலில் நம் நடை நிறைவடைகிறது. இதிலுள்ள கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் குறிக்கிறது. கோயில் அவ்வளவு பழமையானதா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. திக்குத் தெரியாது கடலில் தவித்த மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு அதைப் பின்பற்றி இவ்விடம் வந்து சேர்ந்தனர் என்பது மரபுக் கதை. 'லஸ்' என்பது ஒளி எனப் பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல். நம் மக்களோ இதற்குக் 'காட்டுக் கோயில்' என்று தம் வாய்க்கு வந்த பெயரை இட்டனர். இன்று பேருந்துகள் நெருங்கிச் செல்லும் இவ்விடம் அன்று காடாயிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று.

நேயர்களே, ஹைதராபாத்துக்குத் திரும்பிய பின்னரும் ஒரு சிறு நடை எஞ்சியிருக்கிறது. கோல்கொண்டாக் கோட்டையை அடுத்துள்ள குதுப்ஷாஹி சமாதிகளுக்குச் செல்லுங்கள். அங்கே அரசர்களின் பெருங்கும்மட்டங்களுக்கிடையே நேக்நாம் கான் என்பவரின் கல்லறையும் உள்ளது. அவர் கர்நாடகப் பகுதியில் கோல்கொண்டாப் படைகளுக்குத் தலைமை வகித்தவர். சென்னைப்பட்டினத்துக்காக ஆங்கிலேயர் ஆண்டுதோறும் 1,200 வராகன் செலுத்த வேண்டும் என்று 1672இல் அவர்களோடு உடன்படிக்கை செய்தவரும் அவரே. அதே ஆண்டில் அவர் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1687இல், அவர் பணிபுரிந்த கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது.

மதில் கட்டியவரும் போயினர், இடித்தவரும் போயினர். எஞ்சியவை எவை? ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம், பாதிரி என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. ஹைதராபாத்துக் கடைவீதியில் ஒலிக்கும் 'சாபி'யும் 'அல்மாரி'யும் அவற்றின் உடன்பிறப்புகளே. பிழைப்பை நாடி வந்த மக்கள் அயலாரோடு பேசிப் பழகி, கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தமையால் நிலைத்தவை இவை. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது நினைவில் கொள்ளத்தக்கது. மாலையில் வீடு திரும்பிச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கும்போது, மயிலைக் கடற்கரையில் மறைந்துபோன அந்தப் பட்டினத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.