சாப்பிடக் கூப்பிட்டவர்கள்

1790இல் இங்கிலாந்தின் யோர்க் மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் இறந்துபோனார். பார்க்கப்போன சபையாரை உள்ளே விடவில்லை. இதன்பின் தேயிலை வணிகர் வில்லியம் ரியூக் முன்னின்று, 1796இல் 'றிட்றீற்' என்ற இல்லத்தைத் திறந்தார். புகலிடம் என்று சொல்லலாம்.

அவரது பேரன் சாமுவேல் 1813இல் எழுதிய நூலில் ஒரு நோயாளி வருகிறார். ஆஜானுபாகு. பித்து முன்பும் பலமுறை வந்துபோனது (இன்றென்றால் இருதுருவ நோய் என்பார்களோ?). விலங்கைக் கழற்றாமலே உடுப்பு மாற்ற, துணியில் நாடா வைத்துத் தைத்திருந்தார்களாம். வந்த அன்றே விலங்கைக் கழற்றி, மேற்பார்வையாளர் தம்மோடு சாப்பிட இருத்தினார். அவர் கத்தத் தொடங்கினால், பக்கத்தில் போயிருந்து ஆறுதலாகப் பேசுவார். நாலு மாதமளவில் சுகமாகி வெளியேறினார். பித்து தானாகத் தணிவதும் உண்டுதான்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவிய பொடியனுக்கும் இதே வருத்தம். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவனை ஒருவரும் தங்களோடு சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும்தான்.