பாக்1 புரதம்

பாக்1 என்பது மனிதரிலும் பிற பாலூட்டிகளிலும் காணப்படும், மரபணுக்களின் செயற்பாட்டை ஒழுங்குபடுத்தும் புரதங்களுள் ஒன்றாகும். நுரையீரலில் தோன்றும் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவதை இப்புரதம் தூண்டுகிறது என 2019ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. நலம் தருவன எனக் கருதப்படும் ஆக்சிசனேற்றத் தடுப்பிகளும் இப்பரவலுக்குத் துணைபோகக்கூடும் என்பதால் இவ்வாய்வுகள் கவனம் பெற்றன.

இயல்பு

பாக்1 புரதம் 1996ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டது. மனிதரில் இதற்குரிய மரபணு 21ஆவது நிறப்புரியில் உள்ளது. இப்புரதம் சிறிய மாஃப் புரதங்களுடன் இணைந்து டி.என்.ஏ.வில் பிணைகிறது. ஹீம் என்பது குருதிச் சிவப்பணுக்களிலும் பிற உயிரணுக்களிலும் உள்ள, இரும்பு அடங்கிய மூலக்கூறு ஆகும். கட்டற்ற ஹீம் மிகும்போது அது பாக்1 உடன் பிணைய, பாக்1 சிதைக்கப்படுகிறது. ஹீம் குறைந்தால் பாக்1 சிதையாமல் உயிரணுவில் திரள்கிறது.

புற்றுநோய் பரவும் வழிமுறை

சுவீடனில் மார்ட்டின் பெர்கோ தலைமையிலான குழுவினர், நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகியவற்றைக் கொடுத்து ஆராய்ந்தனர். இவை கட்டியின் வளர்ச்சியை விரைவுபடுத்துவதை 2014இல் அறிவித்தனர். பரவலையும் தூண்டுவதை 2019இல் கண்டறிந்தனர். இப்பொருட்கள் ஆக்சிசனேற்ற அழுத்தத்தைத் தணிப்பதால் கட்டற்ற ஹீம் குறைகிறது; பாக்1 நிலைபெறுகிறது. அது ஹெக்சோகைனேசு 2 முதலிய நொதிகளின் மரபணுக்களைத் தூண்ட, புற்றணுக்கள் குளுக்கோசை மிகுதியாக உள்வாங்கிச் சிதைத்துப் பரவும் ஆற்றலைப் பெறுகின்றன.

அதே ஆண்டில் நியூயார்க்கில் மிக்கேலே பகானோ குழுவினர், மருந்து எதுவும் உட்கொள்ளாத நிலையிலும் இது நிகழும் வழியை விளக்கினர். நுரையீரல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் கீப்1 அல்லது என்ஆர்எஃப்2 மரபணுவில் சடுதிமாற்றம் காணப்படுகிறது. இதனால் என்ஆர்எஃப்2 புரதம் நிலைபெற்று, ஹீமைச் சிதைக்கும் ஹீம் ஆக்சிசனேசு-1 நொதியைப் பெருக்குகிறது. ஹீம் குறைவதால் பாக்1 திரள்கிறது. மனிதரில் பரவிய நுரையீரல் புற்றுநோய்களிலும் இந்நொதியும் பாக்1 புரதமும் மிகுந்திருந்தன.

மனிதரில் நடந்த முந்தைய ஆய்வுகள்

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. வைட்டமின் ஈ இந்நோயைக் குறைக்கவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, நோய் 28 விழுக்காடு கூடியதால் 1996இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இவ்விரு ஆய்வுகளும் நோய் தோன்றுவதையே அளந்தன; பாக்1 புரதத்தை ஆராயவில்லை. எனவே இம்முடிவுகளுக்குப் பாக்1 தான் காரணம் எனக் கொள்ள இயலாது.

தடுக்கும் முயற்சிகள்

பாக்1 மரபணு நீக்கப்பட்டபோது புற்றணுக்களின் பரவும் ஆற்றல் குறைந்தது. ஹீம் ஆக்சிசனேசு-1 நொதியைத் தடுக்கும் சேர்மங்களும் ஆய்வக மாதிரிகளில் பரவலைக் குறைத்தன. நொதி தடைப்படும்போது ஹீம் பெருகிப் பாக்1 மீண்டும் சிதைவுறுவதே இதற்குக் காரணம். சிதைவுக்கு எஃப்பிஎக்ஸ்ஓ22 என்னும் மற்றொரு புரதமும் தேவை. அது இல்லாத கட்டிகளில் இம்முறை பயன் தரவில்லை. பாக்1 கட்டியில் புதிய குருதிக் குழாய்கள் உருவாவதையும் தூண்டுவதாகப் பெர்கோ குழுவினர் 2023இல் அறிவித்தனர். பாக்1 புரதத்தைக் குறிவைத்து நுரையீரல் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் மருத்துவம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

காய்கனிகளில் இயல்பாக உள்ள வைட்டமின்களை இம்முடிவுகள் குறை கூறவில்லை. மிகையளவில் உட்கொள்ளப்படும் மாத்திரைகளைப் பற்றியே இவ்வெச்சரிக்கை எழுந்துள்ளது. நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்கள் இத்தகைய மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதிருப்பது நன்று.