ஒல்லியான உடம்புக்கு வந்த சர்க்கரை

குற்றாலத்தில் பேரருவிக்குப் போற வழியெல்லாம் சிப்ஸ் கடைகள். நேந்திரங்காய் சிப்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் குவிந்திருப்பது மரச்சீனி. மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். தென்காசிப் பக்கம் மரச்சீனிதான். போன நூற்றாண்டின் பின்பாதியில் இந்தக் கிழங்கு ஒரு மருத்துவ வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஏழைகளுக்குச் சர்க்கரை நோயைக் கொடுத்தது என்பது அதன் மேல் குற்றச்சாட்டு.

வழக்கு நடந்தது மலைக்கு அந்தப் பக்கம். தென் அமெரிக்கக் கிழங்கான இதைத் திருவிதாங்கூரில் பரப்பியதில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. தென்காசிக்கு அடுத்த ஊரான செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் மரச்சீனியே சோறானது. வயிறு நிறையும்; ஆனால் அதில் புரதம் ரொம்பச் சொற்பம்.

அடுத்த இருபது வருஷத்தில் மருத்துவர்கள் ஒரு விசித்திரமான சர்க்கரை நோயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ், டைப் 1, டைப் 2 இரண்டிலும் அடங்காத ஒல்லியான நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா, சத்துக்குறைவான நோயாளிகளின் கணையத்தில் சுண்ணாம்புக் கற்களைப் பார்த்ததாக எழுதினார். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் அப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்து, 1968இல் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். சின்ன வயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, பிறகு கணையத்தில் கல், இளவயதில் சர்க்கரை. உடம்பு எலும்பும் தோலும். டைப் 1 ஆக இருந்தால் இன்சுலின் இல்லாமல் சீக்கிரமே கீட்டோன் ஏறி மயக்கத்துக்குப் போவார்கள். இவர்களுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியும் பெரும்பாலும் அப்படி ஆகவில்லை. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அடிபட்டிருந்தாலும் முழுசாகச் சாகவில்லை.

சந்தேகம் மரச்சீனி மேல் போனதுக்குக் காரணம் இருந்தது. அதில் சயனைடை விடுவிக்கும் சேர்மங்கள் உண்டு. அந்த விஷத்தை முறிக்க உடம்புக்குக் கந்தகம் வேண்டும்; அது புரதத்திலிருந்து வரணும். புரதமில்லாத சாப்பாடும் சயனைடும் சேர்ந்தால் கணையம் கெடலாம் என்று 1979இல் மக்மில்லனும் கீவர்கீஸும் எழுதினார்கள். அழகான கருதுகோள். ஆனால் மரச்சீனியே சாப்பிடாத ஊர்களிலும் இதே நோய் இருந்தது. சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்டகாலம் மரச்சீனி கொடுத்துப் பார்த்து, சர்க்கரை நோயும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை என்று 2000இல் வெளியிட்டார்கள். 2002இல் இந்திய நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. கணையத்தின் செரிமான நொதி கணையத்தையே செரித்துவிடாமல் தடுக்கும் பூட்டு அது. பூட்டு பழுதான எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய் வந்த எல்லோரிடமும் பூட்டு பழுதாகவும் இல்லை. கிழங்கு ஏறக்குறைய விடுதலையாகிவிட்டது. பசி மேல் இருந்த சந்தேகம் மட்டும் அப்படியே நின்றது.

பசிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரை என்றால் தின்று கொழுத்தவர்களின் வியாதி என்றுதானே கேட்டு வளர்ந்தோம். இதுக்குப் பீட்டா செல்லின் உள்ளே போகணும்.

ஒரு பீட்டா செல் தேவைப்பட்டால் நிமிஷத்துக்குப் பத்து லட்சம் இன்சுலின் மூலக்கூறுகள் வரை தயாரிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொன்றும் முதலில் ஒரு நீளச் சங்கிலி. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலில் அது சரியாக மடிந்து, மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்பு போட்டால்தான் வேலைக்கு ஆகும். தப்பாக மடிந்தவை தேங்கினால் செல்லுக்கு நெருக்கடி. முதலில் உற்பத்தியைக் குறைக்கும், மடிக்க உதவும் புரதங்களைக் கூட்டும், குப்பையை அகற்றும். அப்படியும் தீராவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். ஜப்பானில் கண்டுபிடித்த அகிட்டா எலிக்கு இன்சுலின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. கொஞ்சமும் குண்டாகாமலே அதுக்குச் சர்க்கரை வருகிறது. பீட்டா செல்கள் குறைந்துபோகின்றன.

சர்வர் படுத்துவிட்டால் டிராஃபிக் கூடிச்சா என்று மட்டும் பார்க்க மாட்டோம்; எத்தனை மெஷின் ஓடுது என்றும் பார்ப்போம். குண்டான உடம்பில் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாக மசியாது; பீட்டா செல் கூடுதலாக உழைத்துத் தேயும். அங்கே சுமை அதிகம். பசித்த உடம்பில் செல்களே குறைச்சலாக இருக்கலாம். 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும், கருவில் சத்தில்லாமல் வளரும் குழந்தைக்குப் பீட்டா செல் வளர்ச்சி குன்றிப்போகிறது என்று வாதிட்டார்கள். புரதம் குறைத்துக் கொடுத்த தாய் எலிகளின் குட்டிகளிடம் அது தெரியவும் செய்தது. அப்படிப் பிறந்தவருக்குச் சாதாரணச் சாப்பாடே பெரிய சுமையாகலாம்.

இந்த வாதம் ஏடுகளில் பட்ட பாடு தனிக்கதை. உலக சுகாதார நிறுவனம் 1985இல் 'சத்துக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்று தனி வகையே வைத்தது. 1999இல் அதை நீக்கியது. கணையக் கல் உள்ளவர்கள் கணைய நோய்களின் பட்டியலுக்குப் போனார்கள். புரதக் குறைவு நேரடியாகச் சர்க்கரையைத் தரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று மற்றவர்களின் பெயரே எடுபட்டது. பெயர் போனால் ஆய்வுப் பணமும் போகும், பாடப்புத்தகப் பக்கமும் போகும்.

வேலூர் சிஎம்சியில் டாக்டர் நிஹால் தாமஸ், நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸ் முதலானோர் கணையக் கல் இல்லாத ஒல்லியான நோயாளிகளை அளந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கு இன்சுலின் சுரப்பு டைப் 2 நோயாளிகளைவிடக் குறைவு, டைப் 1 நோயாளிகளைவிட அதிகம். கல்லீரலில் கொழுப்பு குறைவு. இன்சுலினுக்கு உடம்பு நன்றாகவே மசிகிறது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதுக்கு டைப் 5 என்று பெயர் கொடுத்தது. உலகில் இரண்டு முதல் இரண்டரைக் கோடிப் பேருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. தனிப்பெயர் வைக்க ஆதாரம் இன்னும் போதாது என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டை நடக்கட்டும். ஆனால் ஒல்லியான இளைஞர் ஒருவர் முந்நூறு சர்க்கரையோடு வரும்போது டைப் 1 என்று முடிவுகட்டி முழு அளவு இன்சுலின் எழுதினால் என்ன ஆகும்? அவர் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக மசியும் உடம்பு. ராத்திரிச் சாப்பாடு நிச்சயமில்லாத வீட்டில், அந்த ஊசியே தூக்கத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இழுத்துவிடும். டைப் 2 என்று முடிவுகட்டி, சாப்பாட்டைக் குறை, எடையைக் குறை என்று சொன்னால், ஏற்கெனவே இல்லாத சோற்றைத்தான் அவர் குறைக்கணும்.