சிவப்பு அட்டையும் பவர் டேபிளும்

எங்கள் பகுதியில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். பவர் டேபிள் ஒன்றில் கைமடி வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். மூணே நாள்தான். "வேலையெல்லாம் சுத்தமா செய்யறானுங்க, சத்தந்தான் ஒத்துக்கலைங்க" என்று ஓனர் அனுப்பிவிட்டார். ஓவர்லாக் மெஷின் இரைச்சல், அதுக்கும் மேலே ஸ்பீக்கரில் பாட்டு.

இவனைப் போன்றவர்களே கூடி ஒரு ஊரை அமைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். தேடிப் பார்த்தால், வருஷத்தில் சில நாள் மட்டும் அப்படி ஒரு ஊர் உண்மையிலேயே இருந்திருக்கிறது.

1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ் உள்ளிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் சேர்ந்து தங்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெற்றோரும் நிபுணர்களும் நடத்திய மாநாடுகளில் கூட்டமும் சத்தமும் அவர்களுக்குத் தாங்கவில்லை. அதனால் 1996இல் நியூயார்க் மாநிலத்தில் 'ஆட்ரீட்' என்ற முகாமைத் தாங்களே நடத்தினார்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், எந்த நிகழ்ச்சிக்கும் கட்டாயம் இல்லை. சட்டையில் வண்ண அட்டை குத்திக்கொள்ளும் வழக்கமும் அங்கே வந்தது. சிவப்பு என்றால் யாரும் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால், எனக்குப் பேச ஆசை, ஆரம்பிக்கத்தான் வராது, நீங்களே வாங்க. இதைப் பார்த்து 2005இல் பிரிட்டனில் 'ஆட்ஸ்கேப்' தொடங்கியது.

நம்ம ஊர்க் கதை வேறு. 1995இன் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது; அதில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. ஆனால் அங்கே முக்கியமான ஏற்பாடு, காப்பாளர் நியமனம். வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற உரிமைப் பேச்சில் ஆட்டிசமும் சேர 2016 ஆனது. நியாயமான மாற்றம் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது அந்தச் சட்டம்.

மாற்றம் திருப்பூருக்குப் புதுசா என்ன? பையர் ஆடிட் வருகிறார் என்றால் விளக்கு மாறும், வழி அகலமாகும், டாய்லெட் புதுசாகும். கேட்கிற இடத்தில் இருப்பவர் கேட்டால் நடக்கிறது. ஆட்ரீட்டில் அந்த இடத்தில் ஆட்டிசம் உள்ளவர்களே இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பையன் இப்போது வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறான். பீஸ் கணக்கு சரியாக வருகிறதாம். "அந்த மூணு நாள்ல, பாட்டை நிறுத்தட்டுமான்னு யாராவது அவனைக் கேட்டாங்களா அக்கா?" என்று அவன் அம்மாவிடம் விசாரித்தேன்.

"இல்லீங்க தம்பி. கேக்கலாம்னு எங்களுக்கே தோணலையே."